கலாசாலைக்குத் தலைவராவார் யார்?

சென்ற பருவத்திலே எமது விடுதிச் சொற்போர்க் கழகத்தில், ‘கலாசாலைத் தலைமைக்கு வேண்டுவது புலமையோ, நிர்வாகத் திறமையோ’ என்னும் பொருள்பற்றி ஒரு மாலை வாதம் நிகழ்ந்தது. யான் புலமையின் சார்பில் நின்று பேசினேன், தோற்றேன். தோல்விக்கு எனது நாவன்மைக் குறைவும் ஒரு காரணமாகலாம். எனினும், எதிர்நின்ற பொருளியல் வகுப்பு நண்பர் எழுப்பிய ஒரு வினாவே அவையைத் தம்பால் ஈர்த்துக்கொண்டது என்பதை மறைத்தல் ஆகாது. ‘தொல்காப்பியம் கற்றவர் கூரையின் ஒழுக்கை அடைப்பாரோ?’ என்று அவர் கேட்டபொழுது, அம்மழைக்காலத்தில் மேல்மாடி அறைகளிலிருந்து நனைந்த பாயோடு போராடிவிட்டு வந்திருந்தோர் யாவரும் கைதட்டி ஆரவாரித்தனர். யானும் மேல்மாடியிற் குடியிருப்பவனாதலின், அந்நேரத்தில் மறுமொழி தோன்றாது நின்றேன்.

அன்று சொல்ல இயலாது போனதை இன்று எழுதப் புகுகின்றேன். இதற்கு யான் எடுத்துக்கொண்டது அமெரிக்க தேசத்துச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தலைவர் வரலாறு. அவ்வளவு தொலைவு செல்வானேன் என்று சிலர் வினவக்கூடும். அக்கழகம் அரசாங்கத்தால் நிறுவப்பட்டதன்று; நமது கல்லூரியைப் போலவே ஒரு கிறிஸ்தவ சபையாரின் முயற்சியால் எழுந்தது. பிறகு ஆராய்ச்சிக்கென்றே உலகெங்கும் பேர்பெற்ற தனியார் கழகமாய் வளர்ந்தது. அதனோடு தமிழருக்கும் தமிழுக்கும் உண்மையான தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன். 1891 முதல் இந்நாள்வரை அங்கே நிலையான தலைவராய் வீற்றிருந்தோர் பதினால்வர். அவர் அனைவரையும் வரிசையாக எழுதி வாசகரைச் சலிப்பிக்க எனக்கு விருப்பமில்லை. என் வாதத்திற்குத் துணை நிற்பாரையும், அதனினும் முக்கியமாக என் வாதத்தை இடறச் செய்வாரையும் மட்டும் எடுத்துக்கொள்வேன்.

முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். ஒஹையோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் 1856-ஆம் ஆண்டு பிறந்தவர். பத்து வயதிற் கல்லூரி புகுந்து, பதினான்கு வயதிற் பட்டம் பெற்று, அப்பட்டமளிப்பு விழாவில் எபிரேய மொழியிற் சொற்பொழிவாற்றினார். பின்னர் யேல் கலாசாலைக்குச் சென்று, வடமொழி வல்லுநராகிய விட்னி என்பாரிடம் பயின்று, இலத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், காதிக் ஆகிய நான்கு மொழிகளின் முன்னிடைச் சொற்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1875-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. அதே வயதில் யான் இடையியல் நூற்பாக்களை மனனஞ்செய்ய முடியாமல் திணறிக்கொண்டிருப்பதை நினைக்குந்தோறும் நாணமே மிகுகின்றது. நிற்க. அவர் எபிரேயம் கற்பித்த வகை விந்தையானது. கோடை விடுமுறைப் பள்ளிகள் அமைத்தார். அஞ்சல் வழியே பாடங்கள் அனுப்பினார். மறைநூலை மூலமொழியிற் படிக்க விரும்பிய ஊர்ப்புறத்துப் போதகர்களும் ஆசிரியர்களும் அப்பாடங்களை வாங்கிப் பயின்றனர். இலக்கணப் புலவர் ஒருவர் நாடறிந்த ஆசிரியரானது இவ்வாறே.

இனிப் பணத்தின் கதையைக் கேட்பீராக. சிக்காகோவிலே ஒரு பெரிய கலாசாலை வேண்டுமென்று பாப்டிஸ்டு சபையார் விரும்பினர். எண்ணெய் வாணிகத்தாற் பெருஞ்செல்வரான ராக்பெல்லர் அச்சபையைச் சேர்ந்தவர். அவர் 1889-இல் ஆறு இலட்சம் டாலர் தருவதாக வாக்களித்தார். பிறர் ஓராண்டிற்குள் நான்கு இலட்சம் திரட்டினால் மட்டுமே தருவேன் என்பது அவர் இட்ட நிபந்தனை. அத்தொகையும் திரண்டது. மார்ஷல் பீல்டு என்னும் வணிகர் நிலம் ஈந்தார். இவையெல்லாம் ஆனபின்பும் ஹார்ப்பர் தலைமையை உடனே ஏற்றாரல்லர். சபையார் எண்ணியது ஒரு கல்லூரி. அவர் எண்ணியதோ ஒரு பல்கலைக்கழகம். பட்டத்திற்குப் பிற்பட்ட ஆராய்ச்சியே தலையாயதாய் இருக்க வேண்டுமென்றும், நூல்கள் அச்சிட்டு வெளியிடுவது கழகத்தின் ஓர் உறுப்பாகவே இருத்தல் வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். ராக்பெல்லர் மேலும் பத்து இலட்சம் டாலர் தந்த பின்னரே, 1891-இல் இசைந்தார்.

1892-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வகுப்புகள் தொடங்கின. திறப்பு விழா இல்லை. மாலை மரியாதை இல்லை. பல ஆண்டுகளாக நடந்துவரும் கலாசாலையைப் போல மணியடித்தது, ஆசிரியர் வந்தனர், பாடம் தொடங்கிற்று. நமது நாட்டில் ஒரு குடிநீர்க் குழாயைத் திறப்பதற்கும் பந்தலும் பொன்னாடையும் வேண்டுமன்றோ! முதல் நாளிலிருந்தே மகளிரும் ஆடவரோடு ஒப்பச் சேர்க்கப்பட்டனர். வெல்லெஸ்லிக் கல்லூரியின் தலைவராயிருந்த ஆலிஸ் பிரீமன் பால்மர் அம்மையார் அங்கு மகளிர்க்குரிய பொறுப்பினை ஏற்றார்.

யான் ஹார்ப்பரை வியப்பது இவற்றிற்காக மட்டுமன்று. தலைவரான பின்பும் அவர் எபிரேய வகுப்பை விடவில்லை. நன்கொடை கேட்டு அலைந்தவர் அவரே. கட்டிடத் திட்டங்களைப் பார்வையிட்டவர் அவரே. ஆசிரியரைத் தேடித் தேடி அழைத்தவரும் அவரே. ஆயினும், வகுப்பு நேரத்தில் கரும்பலகையின்முன் நின்றார். 1905-இல் தமக்குப் புற்றுநோய் என்றும், அது தீராது என்றும் மருத்துவர் வாயிலாக அறிந்தார். ஆமோஸ், ஓசியா ஆகிய தீர்க்கதரிசிகளின் ஆகமங்களுக்கு அவர் எழுதிய விரிவுரை அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 1906 ஜனவரி பத்தாம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

இம்மட்டோடு நிறுத்தினால் யான் எளிதில் வென்றவனாவேன். ஆனால், அது நேர்மையாகாது. ஹார்ப்பர் தமது கழகத்தைக் கட்டுதற்கு மற்றொரு கழகத்தை ஏறத்தாழ இடித்தார் எனலாம். மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் கிளார்க் பல்கலைக்கழகம் அப்போதுதான் தோன்றி உட்பூசலால் தளர்ந்திருந்தது. அவ்வமயம் நோக்கி, 1892-இல் ஹார்ப்பர் அங்குச் சென்று, அதன் ஆசிரியருட் பலரை மிகுந்த ஊதியம் காட்டித் தம்மிடம் வருவித்துக்கொண்டார். அவ்வாறு வந்தவருள் ஒருவரே 1907-இல் நோபல் பரிசு பெற்ற மைக்கல்சன். சிக்காகோவின் பெருமை வளர்ந்ததென்பது மெய். அயலான் தோட்டத்து நாற்றைப் பறித்து நடுவதை உழவர் மெச்சுவரோ என்பதும் கேட்கத் தக்கதே.

அதனினும் வருத்தந் தருவது பீமிஸ் என்பாரின் செய்தி. அவர் பொருளியல் ஆசிரியர். 1894-இல் ரயில்வேத் தொழிலாளரின் பெரிய வேலைநிறுத்தம் சிக்காகோவை உலுக்கியபொழுது, ஒரு தேவாலயத்திற் பேசுகையில், தொழிலாளரை மட்டுமன்றி ரயில்வே முதலாளிகளையும் சட்டத்துக்கு அடங்கும்படி கூறினார். முதலாளிகள் சினந்தனர். இதனால் தமக்கு நேர்ந்த தொல்லையை ஹார்ப்பர் கடிதவாயிலாக அவருக்கு உணர்த்தினார். அடுத்த ஆண்டில் பீமிஸ் வேலையை இழந்தார். கழகத்தார் வேறு காரணம் கூறினர். அதே ஹார்ப்பர் 1902-இல், எப்பொருள் பற்றியும் தடையின்றிப் பேசும் உரிமையே கழகத்தின் அடிப்படை என்றும், அதனை எக்காலத்தும் யாரும் ஐயுறலாகாது என்றும் விளம்பினார். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குங்கால், ஏழைகளை மிதிப்போரைக் கடிந்துரைத்த ஆமோஸ் தீர்க்கதரிசிக்கு உரை எழுதியவர், தம்முடைய ஆசிரியர் ஒருவர் அக்குரலில் மெல்லப் பேசியதையும் பொறுக்க மாட்டாதவரானார் என்று எண்ணுகின்றேன். புலமை ஒருவரைத் துணிவுடையவராக்கும் என்னும் என் நம்பிக்கைக்கு இஃதொரு பெரிய அடி.

ஹார்ப்பருக்குப்பின் வந்தவர் ஹாரி பிராட் ஜட்சன். என் நண்பர் இவரைக் கண்டிருந்தால் மாலையிட்டு வரவேற்றிருப்பார். ஹார்ப்பர் ஆண்டுதோறும் வரவுக்கு மேற்செலவிட்டு, முடிவிற் குறைதீர்க்க ராக்பெல்லரை நோக்கியிருந்தார். ஜட்சன் கணக்கை நேராக்கினார். 1910-இல் ராக்பெல்லர் தம் இறுதிக் கொடையாகக் கோடி டாலர் அளித்து விடைபெற்றுக் கொண்டார். கொடுத்தவர் விலகி நிற்கவும், கழகம் தன் காலில் நிற்கவும் இயன்றது ஜட்சனின் சிக்கனத்தாலன்றோ? இதனை யான் தடையின்றி ஒப்புக்கொள்கின்றேன். கூரையின் ஒழுக்கை அடைத்தவர் அவர். ஆயினும் 1923 வரை பதினாறாண்டு நீடித்த அவரது தலைமையைப் பற்றி அக்கழக வரலாற்றை எழுதுவோர் கூறுவது அநேகமாக இவ்வளவே.

அவர்க்குப்பின் எர்னஸ்ட் டிவிட் பர்ட்டன் அமர்த்தப்பட்டார். ஹார்ப்பர் பிறந்த 1856-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். தலைமை ஏற்கையில் வயது அறுபத்தேழு. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தின் வினைச்சொற்களைப் பற்றி அவரெழுதிய இலக்கண நூல் வேதாகமக் கல்லூரிகளில் நெடுங்காலம் பயிலப்பட்டது. ஆக, முதல் மூவருள் இருவர் இலக்கண ஆசிரியர்! தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் இதனைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஓய்வு கொள்ளவேண்டிய பருவத்தில் பொறுப்பேற்ற அம்முதியவர், பழைய மாணவரிடமும் நகரத்தாரிடமும் பொருள் திரட்டும் பெருமுயற்சியைத் தொடங்கிக் கழகத்தில் மீண்டும் ஊக்கம் பிறப்பித்தார். ஈராண்டளவில், 1925 மே மாதத்தில், பதவியிலிருந்தபடியே காலமானார்.

இங்கே யான் முக்கியமென்று கருதுவதைச் சொல்ல வேண்டும். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முதற் சாசனத்தில், ஆட்சிக்குழுவினருள் மூன்றில் இரு பங்கினரும், தலைவரும் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என்னும் விதி இருந்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் அத்தகைய கட்டு ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் அவ்விதி படிப்படியாகத் தளர்த்தி நீக்கப்பட்டது. நீக்கியிராவிடில், யூத குலத்தவரான எட்வர்டு லெவி 1968-இல் அங்குத் தலைவராகியிருத்தல் இயலாது.

நமது நாட்டில் இவ்வினா வேறு வடிவில் நிற்கின்றது. சிறுபான்மையோர் தாம் விரும்பும் கல்விச்சாலைகளை நிறுவி நடத்தும் உரிமையை நமது அரசியலமைப்பின் 30-ஆம் உறுப்பு வழங்கியுள்ளது. தலைவரைத் தெரிந்தெடுப்பது அவ்வுரிமையின் பாற்பட்டதே என்று உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது. யான் கிறிஸ்தவன்; இவ்வுரிமையின் பயனாகவே இக்கலாசாலையிற் கல்வி பெறுகின்றேன். ஆதலின் அவ்வுரிமையை யாரேனும் பறிக்க முயன்றால் எதிர்ப்பவருள் யானும் ஒருவன். ஆனால், ஓர் உரிமை உண்டென்பதனால் ஒவ்வொரு முறையும் அதனைச் செலுத்தியே தீரவேண்டுமென்பது இல்லை. நமது மிஷன் கல்லூரிகளில் முப்பதாண்டு, முப்பத்தைந்தாண்டு கற்பித்து, சாப்பல் வழிபாட்டிலும் நம்மோடு அமர்ந்து, பரிசோதனைச் சாலையிலே தலைநரைத்த சைவரும் வைணவரும் முஸ்லிம் பெரியாரும் உள்ளனர். அவர்களுள் தகுதியில் மிக்கார் ஒருவர் இருக்கும்பொழுது, ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றையே மிகுதியாக உடைய மற்றொருவரை அவர்க்குமேல் வைப்பது, நிறுவிய மிஷனரிமாரின் நோக்கத்திற்கு ஒத்ததென்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வாறு யான் எழுதுவதைப் படித்து எங்கள் ஊர்ச் சபைப் பெரியவர்களுட் சிலர் வருந்துவர் என்பதை அறிவேன். அவர்கள் கூறும் எதிர்வாதத்திலும் உண்மையுண்டு. சிக்காகோவிலே விதி போனபின், பாப்டிஸ்டு சபையின் தடமும் பெரும்பாலும் போயிற்று. 1928-இற் கட்டிமுடிந்த பெரிய ஆலயமும், சமயநூற் பள்ளியுமே எஞ்சி நிற்கின்றன. அவ்விழப்பு சிறிதென்று யான் கூறேன். ஆயினும், அதனைத் தடுத்திருக்கக்கூடியது சாசனத்தின் ஒரு வரி அன்று. ஹார்ப்பரையும் பர்ட்டனையும் போன்றோரைத் தொடர்ந்து ஈன்று தரும் ஆற்றல் அச்சபைக்கு இருந்ததா என்பதே கேள்வி.

அடுத்துச் சிறிது காலம் கணிதவியலார் மாக்ஸ் மேசன் இருந்தார். அவர்க்குப்பின் 1929-இல், ஒரு பிரஸ்பிட்டேரியப் போதகரின் மைந்தராகிய ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ் முப்பதே வயதில் தலைவரானார். இவர் வரவால் என் கொள்கையும், என் நண்பர் கொள்கையும் ஒருங்கே கலங்குகின்றன. ஹட்சின்ஸ் சட்டம் பயின்றவர். ஆராய்ச்சி அறிஞர் அல்லர். நிர்வாகியோ எனின், அதுவும் முழுமையாகப் பொருந்தாது. அவர் மனம் நிறைந்திருந்தது ஒன்றே: மாணாக்கர் பெரியோர் இயற்றிய மூலநூல்களையே கையிலெடுத்துப் படித்து வாதிடவேண்டும் என்பது. மார்ட்டிமர் ஆட்லர் என்னும் நண்பரோடு சேர்ந்து, தலைமைப் பணிகளுக்கிடையே, அத்தகைய வகுப்பொன்றைத் தாமே நடத்திவந்தார். புலமையில் ஹார்ப்பருக்கு ஒப்பாகாவிடினும், மாணவர் முன்பு அமர்வதில் ஒப்பானார்.

1935-இல் மருந்துக் கடைகள் பலவற்றுக்கு உரிமையாளரான வால்கிரீன் என்பவர், பல்கலைக்கழகத்திற் பொதுவுடைமைக் கொள்கை போதிக்கப்படுவதாகக் குற்றஞ்சாட்டி, அங்குப் பயின்ற தம் உறவினப் பெண்ணை நிறுத்திக்கொண்டார். செய்தித்தாள்கள் கூச்சலிட்டன, மாகாணச் சட்டசபையார் விசாரணைக்குழு அமைத்தனர். ஹட்சின்ஸ் தம்முடைய ஆசிரியருள் ஒருவரையும் விட்டுக்கொடுக்கவில்லை. விசாரணை ஆசிரியருக்குக் கேடின்றி முடிந்தது. இரண்டாண்டு சென்றபின், அதே வால்கிரீன் அக்கழகத்திற்கு ஐந்தரை இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார்! பீமிஸின் காலத்தில் ஹார்ப்பர் இங்ஙனம் நின்றிருந்தால் ராக்பெல்லர் ஓடிப்போயிருப்பாரோ? யான் அவ்வாறு நம்பவில்லை.

1939-இல் ஹட்சின்ஸ் கால்பந்தாட்டப் போட்டிகளினின்று கழகத்தை அடியோடு விலக்கினார். அமெரிக்கக் கால்பந்து அந்நாட்டுக் கலாசாலைகளிலே தேர்த்திருவிழாவைப் போன்றது. சிக்காகோவோ ஒருகாலத்தில் அதில் வெற்றிக்கொடி நாட்டியது. எனவே, பழைய மாணவர் கொதித்தெழுந்தனர். அவர் அசையவில்லை. அவ்வாறு வெறிதாகக் கிடந்த விளையாட்டரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியிலேதான், 1942 டிசம்பர் இரண்டாம் நாள், பெர்மி என்னும் அறிஞரின் குழுவினர் மனிதர் வரலாற்றில் முதன்முதலாக அணுப்பிளவுத் தொடர்வினையை நிகழ்த்திக் காட்டினர். இன்று அந்நிலத்தின்மேற் பெரிய நூலகம் நிற்கின்றது. விளையாட்டரங்கு அணுக்களமாகிப் பின்பு நூலகமான இச்செய்தியைப் புராணிகர் கேட்டால் ஒரு தலபுராணமே பாடிவிடுவர்.

தமிழருக்குரிய தொடர்பினையும் ஈண்டுக் கூறிவிடுகின்றேன். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1937-இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அவரை அழைப்பதில் ஹட்சின்ஸே ஊக்கங் கொண்டார். சந்திரசேகரின் மேனி நிறத்தைக் காரணமாக்கி, அவர் நகரத்து வளாகத்தில் விரிவுரையாற்றுவதை அதிகாரி ஒருவர் தடுத்தபொழுது, தலைவர் அத்தடையை மீறி அவரைப் பேசுவித்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. சந்திரசேகர் 1983-இல் நோபல் பரிசு பெற்றார். 1995-இல் இறக்கும்வரை அக்கழகத்தை விட்டு நீங்கவில்லை.

ஆனால், அக்காலத்திலேயே, அத்தலைவரின் கீழேயே, பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த தெருக்களிற் கறுப்பினத்தார் வீடு வாங்கவும் குடியிருக்கவும் கூடாதெனத் தடுக்கும் உடன்படிக்கைகளைக் காக்க முனைந்த அயலவர் சங்கங்களுக்குக் கழகம் பொருளுதவி செய்துவந்தது. அவ்வுடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல்தான். தமிழர் ஒருவருக்குக் கதவு திறந்த கை, அண்டை வீட்டாருக்குக் கதவடைக்கக் காசு கொடுத்தது. சேரிக்கும் தெருவுக்கும் இடையே கோடு கிழித்த ஊர்களிலிருந்து வரும் நமக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. அதுவே இதனைப் படிக்கையில் என்னை மிகவும் வருத்திற்று. ஹட்சின்ஸைப் பற்றிய புகழுரைகள் பல இதனை ஒரு வரியிற் கடந்து செல்கின்றன.

தம் ஆசிரியரோடும் அவர் இணங்கிச் செல்லவில்லை. 1944-இல் மூத்த ஆசிரியர் பலர் கூடி, தலைவர் எல்லாவற்றையும் தம் எண்ணப்படியே நடத்த முயல்கின்றார் என்று ஆட்சிக்குழுவிடம் முறையிட்டனர். நன்மை செய்வதிலும் பிறரைக் கேளாது செய்தலால் வரும் கேடு இது. 1951-இல் அவர் விலகியபின், உயர்நிலைப் பள்ளி முடியுமுன்னரே மாணவரைச் சேர்க்கும் அவரது ஏற்பாடு விரைவில் மாற்றப்பட்டது.

இடையே வந்த கிம்ப்டனையும், சோளப்பயிரின் மரபியலில் ஆராய்ச்சி தொடங்கி நோபல் பரிசு வரை உயர்ந்த பீடிலையும் கடந்து, எட்வர்டு லெவியிடம் வருகின்றேன். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிறுவர் பள்ளியிலே தொடங்கி, அதன் கல்லூரியிலும் சட்டப் பள்ளியிலும் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, முடிவில் தலைவரானவர் அவர். 1969 ஜனவரியில், சமூகவியல் ஆசிரியை ஒருவருக்கு வேலை நீட்டிப்பு மறுக்கப்பட்டதை எதிர்த்து மாணவர் நிர்வாகக் கட்டிடத்துட் புகுந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கேயே தங்கினர். பிற கலாசாலைகளில் அந்நாட்களிற் போலீசார் தடியோடு நுழைந்து மாணவரை இழுத்தெறிந்தனர். லெவி போலீசாரை அழைக்கவில்லை. பலர் வற்புறுத்தியும் காத்திருந்தார். மாணவர் தாமே வெளியேறினர். இதனைப் படித்தபொழுது என் உள்ளம் குளிர்ந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்: ஒழுங்குக் குழுவினர் விசாரித்து 40-க்கு மேற்பட்டோரைக் கழகத்தினின்று நீக்கினர், இன்னும் பலரை இடைநிறுத்தினர். தடியடியினும் இஃது இரக்கமுடையதா, கொடியதா? உடல் நோவு ஒரு வாரத்தில் ஆறும். பட்டம் இழந்தவன் வாழ்வு ஆறுமா? இருமுறை படித்தும் எனக்கு விடை கிட்டவில்லை. லெவியை வெறுக்கவும் என்னால் இயலவில்லை; போற்றிப் பாடவும் இயலவில்லை.

1978-இல் ஹன்னா கிரே அம்மையார் தலைவரானார். ஜெர்மனியிற் பிறந்து, நாத்சியர் கொடுமையால் நாடு நீங்கிய அறிஞர் குடும்பத்தவர். மறுமலர்ச்சிக் கால வரலாற்றில் வல்லவர். பதினைந்தாண்டு ஆட்சி செய்து இறங்கியபின், மீண்டும் வரலாற்று வகுப்புக்கே திரும்பிச் சென்றார். நமது நாட்டிலே பதவியினின்று இறங்குவோர் திரும்பிச் செல்வதற்கு வகுப்பு இருப்பதே அரிது. அவர்க்குப்பின் வந்த ஸானன்ஷைன், புகழ்வாய்ந்த பொருளியலறிஞர். கல்லூரி மாணவர் தொகையைப் பெருக்கவும், யாவர்க்கும் பொதுவான கட்டாயப் பாடங்களைக் குறைக்கவும் முயன்றதால், மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் எதிர்த்து நின்றனர், 2000-இல் விலகினார். அவர் செய்தவற்றுட் பெரும்பாலன நிலைத்துவிட்டன என்பதையும், கழகத்தின் பொருள்நிலைக்கு அவை உதவின என்பதையும் இங்கே கூறாவிடின் என் நண்பர் என்னை விடார். கணிதப் பேராசிரியர் ஸிம்மர் 2006 முதல் 2021 வரை தலைமை தாங்கினார். அவர் நியமித்த குழு பேச்சுரிமை பற்றி வகுத்த கொள்கையைப் பிற கலாசாலைகள் பலவும் மேற்கொண்டன. அவர் காலத்திலேயே, தெற்குப் பகுதியில் வாழும் ஏழை மக்கள், துப்பாக்கிக் காயமுற்றோருக்கு அண்மையிற் சிகிச்சை இடம் இல்லையென்று பல ஆண்டு போராடினர். 1988-இல் மூடப்பட்ட அவ்விபத்துச் சிகிச்சைப் பகுதியைப் பல்கலைக்கழக மருத்துவமனை மீண்டும் திறந்தது 2018-இல். பேச்சுரிமைக் கொள்கைக்கு ஒரு குழுவும் சில மாதங்களும் போதுமானதாயிருக்க, இதற்கு மட்டும் இத்தனை ஆண்டு ஏன் சென்றனவோ!

இனி என் வாதத்திற்குத் திரும்புவேன். புலமையா, நிர்வாகமா என்று கழகத்தார் அமைத்த வினாவே பிழையென இப்பொழுது எண்ணுகின்றேன். பதினால்வருள் ஏறத்தாழ எல்லாரும் கற்றவரே. ஆயினும் கற்றவர் அஞ்சியதும் உண்டு. அயலாரை மறந்ததும் உண்டு. பணம் தருவோரிடமும், கூச்சலிடுவோரிடமும், ‘இது மட்டும் ஆகாது’ என்று சொல்லும் திண்மை வேண்டும். ஆசிரியரிடமும் மாணவரிடமும், வேலிக்கு வெளியே வாழ்வாரிடமும் காதுகொடுக்கும் பணிவு வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடத்தே நிலைப்பதற்கு யான் கண்ட வழி ஒன்றே: தலைவர் வாரத்திற்கு ஒரு வகுப்பேனும் தாமே எடுத்தல். மாணவன் ‘எனக்கு விளங்கவில்லை, ஐயா’ என்று எழுந்து நின்று சொல்லும் இடம் கலாசாலையில் அஃதொன்றே. அலுவலறையில் அவரிடம் அவ்வாறு சொல்வார் ஒருவரும் இலர். நமது கல்லூரிகளில் தலைமை ஏற்ற நாளிலேயே பாடவேளை நீங்கிவிடுகின்றது; அதனைச் சலுகையென்று கருதுகின்றனர். அடுத்த தலைவரைத் தேடுங் குழுவினர், விண்ணப்பத்தாரிடம் வேறெதைக் கேட்டாலும் கேளாவிடினும், ‘எவ்வகுப்பிற்கு எப்பாடம் நடத்துவீர்?’ என்று கேட்பாராக.

1912-இல் ஹார்ப்பரின் நினைவாக அங்கு ஒரு நூலகம் கட்டினர். ஐம்பதாண்டு சென்றபின், 1962-இல், மைசூரிலிருந்து வந்து அக்கழகத்தில் ஆசிரியராய்ச் சேர்ந்த ஏ. கே. இராமானுஜன், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி அந்நூலகத்தின் நிலவறைக்குச் சென்றார். அங்கே அவர் கைப்பட்டது, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1937-இற் பதிப்பித்த குறுந்தொகை. அதன் பயனாக 1967-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பை எமது வகுப்பில் இப்பொழுதும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கின்றோம். எபிரேய இலக்கணம் கற்பித்தவர் பெயர்பூண்ட மாளிகையில், யாரும் படிக்காத மொழியின் நூல்களையும் வாங்கி அடுக்கிவைத்திருந்தனர் என்பதைச் சொற்போர் மாலையிலே அறிந்திருந்தேனாயின், கூரை ஒழுக்கிற்கு ஒருவாறு விடையிறுத்திருப்பேன்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் பொருளியல் நண்பரிடம் காட்டினேன். முழுவதும் பொறுமையாகப் படித்தார். ‘எல்லாம் சரி, தலைவர் வகுப்பிலிருக்கும் வேளையில் கணக்கை யார் பார்ப்பது?’ என்றார். பர்ஸார் பார்க்கட்டும் என்றேன்.